ஓர் எழுத்து பிசகினால்: மரபணுப் பிழைகளின் வகைகள், ஒரே மரபணுவில்

மலைக்கிராமத்து மருத்துவ முகாம்களில் ஒரு சோதனை நடக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை, ரசாயனக் கரைசல் உள்ள சின்னக் கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். சில நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் அச்சடித்த அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடிப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கரைசல் கலங்கிப்போய்க் கோடுகள் மறைந்துவிட்டால், அந்த ரத்தத்தில் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அர்த்தம். வந்திருப்பவர் நோயாளியா, அல்லது பிழையைச் சுமப்பவர் மட்டுமா என்பதை இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு ரத்தம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் கலங்கலுக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட வாசகம். ஒருவர் தாயிடமிருந்து பெறும் டிஎன்ஏ ஏறத்தாழ 300 கோடி எழுத்து. தந்தையிடமிருந்தும் அதே அளவு. அதில் ஓரிடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டியது ‘டி’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மாற்றத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘சடுதிமாற்றம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘விகாரம்’ என்கிறது. இரண்டிலுமே எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. முதலாவது ஏதோ ஒரே இரவில் உருவம் மாறிவிட்டதுபோல் ஒலிக்கிறது. இரண்டாவது பேச்சு வழக்கில் அருவருப்பைக் குறிக்கும் சொல். பெரும்பாலான மாற்றங்கள் இரண்டுமே இல்லை. எழுத்துப்பிழைதான். அதனால் இங்கே பிழை அல்லது பிறழ்வு என்றே எழுதுகிறேன்.

பாடநூல்கள் பிழை வகைகளை அட்டவணை போட்டுத் தரும். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். அதைவிட, ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு அதில் எந்தெந்தப் பிழைகள் நேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் உடம்பை என்ன செய்தது என்று பார்ப்பது எளிது. அதற்கு பீட்டா குளோபினைவிடத் தோதான மரபணு கிடையாது. 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 1,600 எழுத்து நீளம். மனித மரபணுக்களில் இது பொடியன். ஆனால் அநேகமாக எல்லா வகைப் பிழையும் இதில் கண்டறியப்பட்டிருக்கிறது.

இந்த மரபணு சொல்வது ஒரு புரதத்தின் செய்முறை. ஹீமோகுளோபின் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆல்பா இழை, இரண்டு பீட்டா இழை. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி உடம்பெங்கும் இறக்குவது இவற்றின் வேலை. பீட்டா இழை 146 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. செல் டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே தொடங்கினோமோ அங்கிருந்து மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

தமிழிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ‘அம்மா தந்த பழம் தின்ற தம்பி.’ எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ‘ழ’வை ‘ண’ ஆக்கினால் ‘அம்மா தந்த பணம் தின்ற தம்பி.’ வாக்கியம் உடையவில்லை, ஆனால் தம்பியின் யோக்கியதை மாறிவிட்டது. ‘தந்த’வில் உள்ள ‘ந்’தை எடுத்துவிட்டு மூன்று மூன்றாகவே படித்தால் ‘அம்மா ததப ழம்தி ன்றத ம்பி.’ ஓர் எழுத்துதான் போனது, அதற்குப் பின்னால் எல்லாமே உளறல். ‘தந்த’ என்ற முழுச் சொல்லையும் எடுத்தால்? ‘அம்மா பழம் தின்ற தம்பி.’ மூன்றெழுத்து போயும் ஓரளவு புரிகிறது. பிழையின் நீளத்தைவிட அது விழும் இடமும் எண்ணிக்கை தடம் புரள்கிறதா என்பதும்தான் முக்கியம். கீழே சொல்லப்போவதெல்லாம் ஏறக்குறைய இதன் விரிவுதான்.

சரி, பீட்டா குளோபினின் ஆறாவது சொல்லுக்கு வருவோம். அது ஜிஏஜி. பொருள், குளுட்டாமிக் அமிலம். மூன்றாவது எழுத்து மாறி ஜிஏஏ ஆனாலும் பொருள் அதே குளுட்டாமிக் அமிலம்தான். புரதத்துக்கு மாற்றமே தெரியாது. மௌனப் பிழை என்பது இதுதான். முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால் லைசின் வந்து உட்காரும். அது ஹீமோகுளோபின் சி. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உண்டு, தாய் தந்தது, தந்தை தந்தது என இரண்டு பிரதியிலும் இருந்தால்கூட லேசான சோகையோடு நின்றுவிடும். நடு எழுத்து மாறி ஜிடிஜி ஆனால் வேலின். அது அரிவாள் செல் நோய். அதே முதல் எழுத்து ‘டி’ ஆகி டிஏஜி என்று வந்தால் அதன் பொருள் முற்றுப்புள்ளி. புரதம் அங்கேயே நின்றுபோகும். ஒரே சொல், மூன்றே எழுத்து. எதை எதுவாக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றுமே ஆகாததிலிருந்து உயிருக்கு ஆபத்துவரை எல்லாம் உண்டு.

வேலின் ஏன் இப்படிப் படுத்துகிறது? குளுட்டாமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் எண்ணெய்க் குணம், தண்ணீரை வெறுக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினின் மேற்பரப்பில் இந்த வேலின் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து ஹீமோகுளோபினில் அதற்கு வாகான எண்ணெய்க் குழி ஒன்று இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்றாக ஒட்டி நீண்ட கயிறாகத் திரியும். உருண்டு நெளிந்து ஓட வேண்டிய சிவப்பணுவை உள்ளிருந்து அந்தக் கயிறுகள் நெம்பி, அரிவாள் மாதிரி வளைத்துவிடும். முகாமில் குழாய் கலங்கியதும் இதனால்தான்: ரசாயனம் ஆக்சிஜனைப் பறித்ததும் ஹீமோகுளோபின் கரையாமல் திரள்கிறது.

மறுபடி ஆக்சிஜன் கிடைத்தால் அணு பழைய உருவத்துக்கு வரும். ஆனால் இப்படி மடங்கி மடங்கி நிமிர்ந்ததில் அதன் சவ்வு விறைத்துப்போகும். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைகிறது. சோகையும் மஞ்சள் காமாலையும் வருவது அதனால். விறைத்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது எலும்பில் தாங்க முடியாத வலி. குழந்தைகளுக்குக் கைவிரல், கால்விரல் வீங்கும். மண்ணீரல் அடைபட்டு அடைபட்டுச் சின்ன வயதிலேயே சுருங்கிச் செயலிழக்கும். அப்புறம் சாதாரண நிமோனியா கிருமிகூட எமனாகும். சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று அடைப்பு எங்கும் வரலாம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்குப் பக்கவாதம் வருவதும் உண்டு. எல்லாம் அந்த ஒரு ‘டி’யால்.

வரலாற்றிலும் இந்தப் பிழைக்குத் தனி இடம் உண்டு. கிரனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டதாக ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங் குழு, நோயாளிகளின் ஹீமோகுளோபினுக்கு மின்னூட்டமே வேறு என்று காட்டி, இதை ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தது. கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ராம் இரண்டு வகை ஹீமோகுளோபினையும் நொதியால் துண்டு துண்டாக வெட்டி, காகிதத்தில் ஓடவிட்டார். இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒத்துப்போயின, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒரு புள்ளி மட்டும் இடம் பெயர்ந்திருந்தது. அதற்குள் போய்ப் பார்த்து, குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் இருப்பதை 1957இல் அறிவித்தார். மரபணுப் பிழை ஒன்று புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றுகிறது என்று மனிதரில் நேரடியாகக் காட்டிய முதல் சான்று அதுதான்.

நமக்குக் கிட்டத்தில் நடந்த கதையும் உண்டு. இந்தியாவில் இந்தப் பிழை முதன்முதலாகப் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் எழுதினார்கள். அதுவரை இதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றுதான் மருத்துவ உலகம் பெரும்பாலும் நினைத்திருந்தது. பிறகு மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதி முழுக்க இது இருப்பது தெரிந்தது. 2047க்குள் இதை ஒழிக்க வேண்டும் என்ற தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது.

இவ்வளவு கெடுதல் செய்யும் பிழை ஏன் அழிந்துபோகவில்லை என்று கேட்கலாம். இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால்தான் நோய். ஒன்றில் மட்டும் இருப்பவர் அநேகமாக நலமாகவே வாழ்வார். அதோடு, கொல்லும் வகை மலேரியா அவரை எளிதில் வீழ்த்தாது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு சீக்கிரம் வளைந்து, மண்ணீரலால் அகற்றப்படுவது அதற்கு ஒரு காரணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து இதை 1954இல் நிறுவியவர் அந்தோணி அலிசன். ஆக, கொசுக்கடியும் காய்ச்சலும் மிகுந்த காட்டோரத்தில் ஒற்றைப் பிழை ஒரு கவசம். மலேரியா இல்லாத ஊரில் அதே பிழையால் ஆதாயம் எதுவும் இல்லை. நல்ல பிழை, கெட்ட பிழை என்று ஊரைச் சொல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது.

இனி, தடம் புரளும் பிழைகள். அதே ஆறாவது சொல்லில் ‘ஏ’ உதிர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி, டிசிடி என்று போக வேண்டியது ஜிஜிஜி, ஏஜிஏ, ஏஜிடி, சிடிஜி என்று போகும். உளறல் 18ஆம் சொல்லில் எதேச்சையாக ஒரு முற்றுப்புள்ளியில் முட்டி நிற்கும். 146 மணி கோக்க வேண்டிய மாலையில் 17 மணி. இது கற்பனை அல்ல, மத்தியதரைக் கடல் நாடுகளில் உள்ள உண்மையான பிழை. இந்தியாவில் 8, 9ஆம் சொற்களுக்கு நடுவே ஒரு ‘ஜி’ கூடுதலாக நுழைவதும், 41, 42ஆம் சொற்களில் நான்கு எழுத்து உதிர்வதும் தெரிந்த பிழைகள். எல்லாவற்றுக்கும் விளைவு ஒன்றே: அந்தப் பிரதியிலிருந்து பீட்டா இழை வராது. சார்டினியத் தீவில் 39ஆம் சொல்லில் ஓர் எழுத்து மாறி முற்றுப்புள்ளி ஆகிவிடுகிறது. அங்கே எழுத்து எதுவும் தொலையவில்லை, ஆனால் முடிவு அதேதான்.

புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுத்த நகல் இப்படிப் பாதியில் நின்றால், அதைச் செல்லே கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டுவிடும். அரைகுறைப் புரதம் நடமாடினால் தொல்லை என்பதால் அப்படி ஒரு காவல். ஆனால் முற்றுப்புள்ளி மரபணுவின் கடைசிப் பகுதியில் விழுந்தால் காவலுக்குத் தட்டுப்படாது. நீளமான, உருக்குலைந்த பீட்டா இழை உற்பத்தியாகும், அணுவுக்குள் படியும். அப்போது ஒற்றைப் பிரதியில் பிழை இருந்தாலே நோய். அதிகப் புரதத்தைக் காப்பாற்றிய பிழை அதிகக் கெடுதல் செய்கிறது, யோசித்தால் வேடிக்கைதான்.

பீட்டா குளோபினை விட்டுவிட்டு ஒரு நிமிடம் தசைக்குப் போய் வருகிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிஸ்ட்ரோபின் என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு உதிர்ந்து எண்ணிக்கை தடம் புரண்டால் டூஷென் தசைச்சிதைவு. பையன்கள் பதின்ம வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். அதே மரபணுவில் பெரிய துண்டே போனாலும் மூன்றின் மடங்காகப் போயிருந்தால் நோய் மென்மையாக இருக்கக்கூடும். செய்முறையில் 46 விழுக்காடு இல்லாத ஒருவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்ததை 1990இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அடுத்தது வெட்டி ஒட்டும் இடத்துப் பிழை. இந்தியர்களைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு இருந்தது. கதைப் பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும், விளம்பரத்தை விட்டுவிட வேண்டும். மரபணுவும் அப்படித்தான். பீட்டா குளோபினின் 1,600 எழுத்தில் புரதத்துக்கான கதை 444 எழுத்துதான்; அது மூன்று துண்டுகளில் இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு இடைப்பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு இடைப்பகுதியின் தொடக்கத்தில் ‘ஜிடி’, முடிவில் ‘ஏஜி’ என்று அடையாளம். முதல் இடைப்பகுதியின் முதல் எழுத்தே மாறிவிட்டால் கத்திரிக்கோலுக்கு இடமே தெரியாது. ஐந்தாவது எழுத்து ‘ஜி’யிலிருந்து ‘சி’ ஆனால் அடையாளம் மங்குகிறது. சில முறை சரியாக வெட்டும், பல முறை தப்பாக வெட்டும். பீட்டா இழை போதுமான அளவு உற்பத்தியாகாத நோய்தான் பீட்டா தலசீமியா. இந்தியாவில் அதற்கு மிகவும் பரவலான காரணம் இந்த ஐந்தாம் எழுத்துப் பிழைதான். புரதத்தின் செய்முறையில் ஒரு சொல்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வங்காளத்திலும் வடகிழக்கிலும் காணப்படும் ஹீமோகுளோபின் இ இன்னும் விசித்திரம். 26ஆம் சொல்லில் ஓர் எழுத்து மாறி, அமினோ அமிலமும் மாறுகிறது; அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அந்த மாற்றம் கதைக்கு நடுவே போலியான வெட்டு அடையாளம் ஒன்றை உயிர்ப்பித்துவிடுகிறது. உற்பத்தி குறைகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய், இரண்டும் புளிப்பு.

பீட்டா இழை குறைந்தால் உடம்பில் என்ன நடக்கிறது? சோகை வரும் என்பது பாதிப் பதில்தான். ஆல்பா இழைகள் வழக்கம்போல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ஜோடி கிடைக்காமல் மிஞ்சும் ஆல்பா, எலும்பு மஜ்ஜையில் வளரும் அணுவுக்குள்ளேயே படிந்து அதைக் கொன்றுவிடும். ரத்தம் போதவில்லை என்று உடம்பு மஜ்ஜையை இன்னும் பெருக்கும். சிகிச்சை கிடைக்காத குழந்தைக்கு நெற்றியும் கன்ன எலும்பும் புடைத்துக்கொள்ளும், மண்ணீரல் வீங்கும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் வரும். இரும்பை வெளியேற்ற உடம்பில் வழி கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் சேரும். அதனால் இரும்பை அகற்றும் மருந்து வாழ்நாள் முழுக்க. ஆல்பா மரபணுவிலும் ஒரு குறை சேர்ந்து வந்தால் இந்த நோயாளியின் பாடு பெரும்பாலும் லேசாகிறது. மிஞ்சும் ஆல்பா குறைகிறதே, அதனால்.

பெரிய பிழைகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. சிந்தி, குஜராத்தி குடும்பங்களில் பீட்டா மரபணுவின் வால் பக்கம் 619 எழுத்து அடியோடு காணாமல் போயிருக்கும். பக்கத்திலுள்ள டெல்டா மரபணுவும் பீட்டாவும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு கலப்பு இழை தருவதும் நடக்கும். ஜமைக்காவின் ஓர் ஊர்ப் பெயர் கொண்ட ‘கான்ஸ்டன்ட் ஸ்பிரிங்’ வகையில், ஆல்பா மரபணுவின் கடைசி முற்றுப்புள்ளி அழிந்து, வாக்கியம் நிற்காமல் 31 அமினோ அமிலம் கூடுதலாக ஓடுகிறது.

குரோமோசோம் அளவில் நேரும் பிழைகள் வேறு ரகம். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் நோய்க்குறி. அங்கே எழுத்துப்பிழை எதுவும் இல்லை, ஒரு புத்தகமே ஒரு பிரதி கூடுதல். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் முனைகளை மாற்றிக்கொண்டால் ஒருவகை ரத்தப் புற்றுநோய். இது பிறந்த பிறகு மஜ்ஜையின் ஒரு செல்லில் நேர்வது, பிள்ளைக்குப் போகாது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ உள்ள பிழைதான் அடுத்த தலைமுறைக்குப் போகும். பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிடமும் சுமார் 60, 70 இருக்கும். அநேகமாக எல்லாமே தொந்தரவு தராத இடங்களில் விழுபவை. இவற்றில் பெரும்பங்கு தந்தை வழி வருவது, அவருக்கு வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். பிள்ளைக்கு ஏதாவது என்றால் தாயைப் பார்த்து விரல் நீட்டும் வீடுகளில் இதை ஒருமுறை உரக்கப் படிக்கலாம்.

தலசீமியா, அரிவாள் செல் போன்றவற்றில் பிழை பெரும்பாலும் புதிது அல்ல. தலைமுறைகளாகச் சத்தமில்லாமல் வந்தது. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர. மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவரும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டிஎன்ஏவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஜாதகம் பார்க்கும் செலவில் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்: பீட்டா தலசீமியாவைச் சுமப்பவரிடம், பீட்டாவுக்குப் பதில் டெல்டா இழை கொண்ட ஹீமோகுளோபின் ஏ2 வழக்கமாக 3.5 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்.

அரிவாள் செல் உள்ள குழந்தை பிறந்த முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். கருவிலிருந்தே காமா இழை கொண்ட கருநிலை ஹீமோகுளோபின் ரத்தத்தில் இருப்பதே காரணம். பீட்டா பொறுப்பேற்ற பிறகுதான் தொல்லை தொடங்கும். இந்திய நோயாளிகள் பலரிடம் காமா மரபணுவின் முன்பக்கம் ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது. அதன் துணையோடு அவர்களுக்குக் கருநிலை ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறது, நோய் பொதுவாகச் சற்று அடங்கி இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி அல்ல. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தரும் பலனிலும் பெரும்பங்கு இந்த ஹீமோகுளோபினைக் கூட்டுவதால்தான்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்கெவி’ என்ற சிகிச்சை இதே யோசனையின் உச்சம். நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் கத்திரியால் வெட்டுகிறார்கள். பீட்டா குளோபினை அல்ல. காமாவை அடக்கி வைக்கும் வேறொரு மரபணுவுக்கு ரத்தத்தில் சுவிட்ச் போல இருக்கும் இடத்தை வெட்டுகிறார்கள். செல் அந்த வெட்டை ஒட்டும்போது ஓரிரு எழுத்து விடும், அல்லது சேர்க்கும்; சுவிட்ச் பழுதாகும், காமா திரும்ப வரும். அதாவது, வேண்டுமென்றே உண்டாக்கும் பிறழ்வு. அமெரிக்காவில் நிர்ணயித்த விலை 22 லட்சம் டாலர். சிகிச்சை பெற்றவருக்கு வலி நின்றுபோகலாம். ஆனால் ஆறாவது சொல் ஜிடிஜி என்றேதான் இருக்கும், வெட்டிய செல்லிலும் வெட்டாத செல்லிலும். பிள்ளை பிறந்தால் அதற்கும் அதே ஜிடிஜிதான் போய்ச் சேரும்.